கல்லூரி மாறினால் விளம்பர ஒப்பந்தம் என்ன ஆகும்? அமெரிக்காவில் ஆடும் மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்கக் கல்லூரி அணிகளில் ஆடும் மாணவர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்க 2021 ஜூலை 1 வரை தடை இருந்தது. அன்றைக்குத்தான் கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பான என்சிஏஏ அந்தத் தடையை விலக்கியது. இந்த வருமானத்துக்கு என்ஐஎல் என்று பெயர். அதே ஆண்டு ஏப்ரலில் இன்னொன்றும் நடந்தது. அதுவரை அமெரிக்கக் கால்பந்து, கூடைப்பந்து போன்ற ஆட்டங்களில் கல்லூரி மாறினால் ஒரு வருடம் ஆடாமல் வெளியே உட்கார வேண்டும். இனி ஒருமுறை உட்காராமலே மாறலாம் என்றார்கள். 2024 ஏப்ரலில் அதுவும் தளர்ந்து, படிப்பில் தகுதி இருந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம் என்றாகிவிட்டது. கடைசியாக 2025 ஜூன் 6 அன்று, ஹவுஸ் வழக்கு என்று பேசப்படும் வழக்கின் சமரசத்துக்கு நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதல் தந்தார். அந்த ஜூலையிலிருந்து கல்லூரிகளே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கின்றன. 2025-26இல் ஒரு கல்லூரிக்கான உச்ச வரம்பு 2.05 கோடி டாலர்.

ஆக, பத்தொன்பது வயதுப் பிள்ளையின் கையில் மூன்று நான்கு ஒப்பந்தங்கள் இருக்கின்றன. ஆடும் இடத்தை விட்டுப் போகும் உரிமையும் இருக்கிறது. இவை இரண்டும் மோதும்போது என்ன செய்வது என்பதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். அமெரிக்காவில் பிள்ளை வளர்க்கும் தமிழ்ப் பெற்றோரும், ஊரிலிருந்து விளையாட்டு ஸ்காலர்ஷிப்பில் போகும் மாணவர்களும்தான் இதைப் படிப்பார்கள் என்று நினைத்து எழுதுகிறேன்.

புதிதாக வருபவர்கள் முதலில் குழம்புவது ஒரே இடத்தில்தான். கல்லூரி மாறும் உரிமை என்சிஏஏ விதியிலிருந்து வருகிறது. ஒப்பந்தமோ மாநிலச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது. முதலாவது உங்களைப் போக விடுகிறது என்பதற்காக இரண்டாவது தானாகக் கழன்றுகொள்ளாது. புதுக் கல்லூரியில் ஆடத் தொடங்கிய பிறகும் பழைய கல்லூரிக்குக் கடன்பட்டவராக இருக்கலாம்.

படி 1: யாரோடு என்ன ஒப்பந்தம் என்று பிரித்து வையுங்கள்

கையெழுத்துப் போட்ட எல்லாத் தாள்களையும் ஒரே இடத்தில் சேருங்கள். மின்னஞ்சலில் வந்தவை, செயலியில் "ஒப்புக்கொள்கிறேன்" என்று தட்டியவை, ஏஜெண்ட் அனுப்பியவை எல்லாமே. அவை பெரும்பாலும் மூன்று வகைக்குள் அடங்கிவிடும்.

முதல் வகை உண்மையான விளம்பர ஒப்பந்தம். ஷூ கம்பெனி, கார் ஷோரூம், உணவகம், பானம் என்று ஒரு வியாபாரத்தோடு செய்துகொண்டது. நாடு முழுக்க விற்கும் பிராண்டு என்றால் நீங்கள் எங்கே ஆடினாலும் அவர்களுக்குப் பெரிய கவலையில்லை, ஒப்பந்தம் பெரும்பாலும் கூடவே வரும். ஆனால் கல்லூரி இருக்கும் ஊரில் ஷோரூம் வைத்திருப்பவர், அந்த ஊர் ரசிகர்களுக்கு உங்களைத் தெரியும் என்பதால்தான் காசு கொடுத்தார். நீங்கள் எதிரணிக்குப் போனால் அவருக்கு நீங்கள் தேவையில்லை. அப்படிப்பட்ட ஒப்பந்தங்களில் "மாணவர் இந்தக் கல்லூரி அணியில் இருக்கும் வரை" என்று ஒரு வரி இருக்கும்.

இரண்டாவது வகை கலெக்டிவ். கல்லூரியின் தீவிர ரசிகர்களும் நன்கொடையாளர்களும் சேர்ந்து நடத்தும் நிதிக்குழு. பெயருக்கு விளம்பரம், உள்ளே பார்த்தால் அந்த அணியில் ஆடுவதற்கான காசு. ஆகவே அணியை விட்டால் பணம் நிற்கும். பல ஒப்பந்தங்களில், கல்லூரி மாற விரும்புபவர்களின் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் பெயர் ஏறினாலே நிற்கும்.

மூன்றாவது, 2025 ஜூலைக்குப் பிறகு வந்த வருவாய்ப் பகிர்வு ஒப்பந்தம். இதில் எதிர்த்தரப்பு கல்லூரியேதான். உங்கள் பெயரையும் படத்தையும் பயன்படுத்தும் உரிமையைக் குறிப்பிட்ட காலத்துக்குக் கல்லூரிக்குக் கொடுக்கிறீர்கள், பதிலுக்குக் கல்லூரி மாதாமாதம் தருகிறது. நடுவில் போனால் பணம் கட்ட வேண்டும் என்ற ஷரத்து அதிகம் இருப்பது இங்கேதான்.

ஏஜெண்டோடு போட்ட ஒப்பந்தத்தையும் மறக்க வேண்டாம். கல்லூரி மாறினாலும் அது தொடரும். அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீகான என்எஃப்எல் ஆட்டக்காரர்களிடம் ஏஜெண்ட் 3 சதவீதத்துக்கு மேல் வாங்க முடியாது. கல்லூரி மட்டத்தில் நாடு முழுக்கச் செல்லும் அப்படியொரு வரம்பு கிடையாது. எத்தனை சதவீதம், புதுக் கல்லூரியில் கிடைக்கும் பணத்திலும் பங்கு உண்டா என்பதைப் பாருங்கள்.

படி 2: தொகை இருக்கும் பக்கத்தை விட்டு, விலகும் பக்கத்துக்குப் போங்கள்

எல்லோரும் முதல் பக்கத்தில் இருக்கும் தொகையைப் பார்க்கிறார்கள். மாறப் போகிறவருக்கு முக்கியமானது பின்னால் இருக்கும் "டெர்மினேஷன்" பகுதி. அங்கே பார்க்க வேண்டியது, எந்தச் செயல் ஒப்பந்தத்தை முறிக்கிறது என்பதை. போர்ட்டலில் பெயர் கொடுத்தாலேயா, வேறு கல்லூரியில் சேர்ந்த பிறகா, அல்லது "மாறப் போகிறேன்" என்று சமூக ஊடகத்தில் சொன்னாலேயா? இந்த மூன்றுக்கும் நடுவில் சில வாரங்கள் இருக்கலாம். அதில் ஒரு மாதப் பணம் போகலாம்.

அப்புறம் பணம். முறித்தால் வாங்கியதைத் திருப்ப வேண்டுமா, வாங்காததற்கும் நீங்கள் கட்ட வேண்டுமா? இரண்டாவது கேள்வி விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் விளையாட்டுச் சங்கம் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனது இதைத்தான். அதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

டேமன் வில்சன் ஜார்ஜியாவின் அமெரிக்கக் கால்பந்து அணியில் தற்காப்பு வீரராக இருந்தவர். 2024 டிசம்பரில் ஜார்ஜியா ரசிகர்களின் கலெக்டிவோடு கையெழுத்திட்டார். மொத்தம் 5 லட்சம் டாலர்: மாதம் 30,000 வீதம் 14 மாதங்கள், கூடவே 40,000 வீதம் இரண்டு போனஸ். அது முழு ஒப்பந்தம்கூட இல்லை, முக்கிய விவரங்கள் மட்டும் எழுதிய ஒரு சுருக்கத் தாள். அடுத்த மாதமே போர்ட்டலுக்குள் போய் மிசூரி பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அதுவரை அவர் கைக்கு வந்தது ஒரு மாதத் தவணையான 30,000. கலெக்டிவின் உரிமைகளைப் பெற்றுக்கொண்ட சங்கம் கேட்பதோ 3,90,000 டாலர். கணக்குப் போட்டால் புரியும். 14 தவணை 4,20,000, அதில் கொடுத்த 30,000 போக மீதி 3,90,000. அதாவது, இன்னும் கொடுக்கவே கொடுக்காத தவணைகளின் மொத்தத்தை, விட்டுப் போனதற்கான இழப்பீடாக வீரர் தர வேண்டும் என்கிறார்கள்.

ஒப்பந்தங்களில் இது "லிக்விடேட்டட் டேமேஜஸ்" என்ற தலைப்பில் இருக்கும். முறித்தால் எவ்வளவு என்று முன்கூட்டியே குறித்துவைத்த இழப்பீடு. அமெரிக்கச் சட்டப்படி அந்தத் தொகை உண்மையான இழப்புக்கு நியாயமான மதிப்பீடாக இருக்க வேண்டும்; மிரட்டுவதற்காக வைத்த அபராதமாக இருந்தால் நீதிமன்றம் ஏற்காது. ஒரு தற்காப்பு வீரர் போனதால் கல்லூரிக்கு என்ன இழப்பு என்று எப்படி அளப்பது? இது எளிதில் தீரும் கேள்வியாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் தீரும் வரை வக்கீல் செலவு உங்களுடையது. அதனால் "நீதிமன்றம் ஒப்புக்கொள்ளாது, கவலைப்படாதே" என்று யாராவது சொன்னால், சொல்பவர் அந்தச் செலவை ஏற்பாரா என்று கேளுங்கள்.

இன்னும் சில வரிகளையும் தேடுங்கள். எந்த மாநிலச் சட்டம், நீதிமன்றமா மத்தியஸ்தமா? பிராண்டு எடுத்த படங்களை ஒப்பந்தம் முடிந்த பிறகும் எத்தனை மாதம் பயன்படுத்தலாம்? அதே வகைப் பொருளுக்கு வேறு பிராண்டோடு சேரக் கூடாது என்ற தடை எப்போது முடிகிறது? ஒப்பந்தம் தானாகப் புதுப்பித்துக்கொள்ளுமா?

படி 3: வாய்ச்சொல்லைக் கணக்கில் சேர்க்காதீர்கள்

மாத்யூ ஸ்லூகா நெவாடா பல்கலைக்கழகத்தின் லாஸ் வேகாஸ் அணிக்கு, அமெரிக்கக் கால்பந்தில் பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்காக வந்தார். 2024இல் முதல் மூன்று ஆட்டங்களையும் அணி வென்றது. அதன் பிறகு அவர் ஆட்டத்தை நிறுத்திவிட்டார். ஒரு துணைப் பயிற்சியாளர் 1 லட்சம் டாலர் தருவதாக வாயால் சொன்னார், வரவில்லை என்பது அவர் தரப்பு. அப்படி ஒரு முறையான ஒப்பந்தமே இல்லை என்பது மறுதரப்பு. எழுத்தில் எதுவும் இல்லாததால் கடைசியில் அவருக்கு இருந்த ஒரே வழி வெளியேறுவதுதான்.

எழுத்தில் இருந்தாலும் மறுபக்கம் யார் நிற்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். பள்ளி குவார்ட்டர்பேக் ஜேடன் ரஷாடாவுக்கு ஃபுளோரிடா தரப்பிலிருந்து 1.38 கோடி டாலருக்கும் மேலான ஒப்பந்தம் வந்தது. பணம் வரவில்லை. அவர் வேறு கல்லூரிக்குப் போய், 2024 மே மாதம் அப்போதைய பயிற்சியாளர் பில்லி நேப்பியர் உள்ளிட்டோர் மேல் வழக்குப் போட்டார். கலெக்டிவ் என்பது நன்கொடை வரும் வரை மட்டுமே நிற்கும் அமைப்பு. பணம் கொடுப்பதாகக் கையெழுத்திட்டவர் யார், அவரிடம் பணம் இருக்கிறதா என்பதைப் புதுக் கல்லூரியிலும் கேட்க வேண்டும்.

படி 4: போர்ட்டலில் பெயர் கொடுக்கும் முன்பே விடுவிப்புக் கேளுங்கள்

போர்ட்டல் என்பது 2018 அக்டோபரில் வந்த ஒரு தரவுத்தளம். மாற விரும்புவதாக நீங்கள் எழுதிக் கொடுத்தால், கல்லூரி இரண்டு வேலை நாட்களுக்குள் பெயரை ஏற்ற வேண்டும். யாருடைய அனுமதியும் தேவையில்லை. ஆனால் ஆட்டத்துக்கு ஆட்டம் காலக்கெடு உண்டு. அமெரிக்கக் கால்பந்துக்கு 2026இல் ஜனவரி 2 முதல் 16 வரை, அவ்வளவுதான். பெயர் ஏறிய பிறகு பழைய கல்லூரி அந்தப் பருவ முடிவோடு ஸ்காலர்ஷிப்பை நிறுத்தலாம். திரும்பி வருகிறேன் என்றால் ஏற்கவேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை.

பெயர் ஏறும் வரை உங்களோடு பேசினால் கல்லூரிக்கு ஏதாவது லாபம் உண்டு. ஏறிய பிறகு அந்த லாபம் போய்விடுகிறது, மிச்சம் இருப்பது ஒப்பந்தம் மட்டும். ஆகவே விலகும் தொகையைக் குறைக்கவோ, தவணையாக்கவோ, முழுதாக விட்டுக்கொடுக்கவோ பேச வேண்டிய நேரம் அதற்கு முன்பு. ஒத்துக்கொண்டால் இரு தரப்பும் கையெழுத்திட்ட விடுவிப்புக் கடிதம் வேண்டும். பயிற்சியாளர் முதுகில் தட்டி "நல்லபடி போய் வா" என்றது அதில் சேராது.

ஒரு எச்சரிக்கை. கல்லூரியில் விதிகளைப் பார்க்கும் கம்ப்ளையன்ஸ் அலுவலகத்தில் நல்லவர்கள் இருப்பார்கள், ஆனால் அவர்கள் வேலை பார்ப்பது கல்லூரிக்காக. கல்லூரியே எதிர்த்தரப்பாக இருக்கும் ஒப்பந்தத்துக்கு அவர்களிடம் ஆலோசனை கேட்க வேண்டாம். அந்த மாநிலத்தில் உரிமம் உள்ள, ஒப்பந்தச் சட்டம் தெரிந்த ஒரு வக்கீலிடம் சில மணி நேரத்துக்குக் கட்டணம் கொடுப்பதே மேல்.

படி 5: விலகும் தொகையை யார் கட்டுவது?

புதுக் கல்லூரியின் பயிற்சியாளர் "அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்பார். பயிற்சியாளர்களே வேலை மாறும்போது இப்படித்தான் நடக்கும் என்பதால் அவருக்கு அது சாதாரணம். ஆனால் உங்களுக்காக அவர்கள் கட்டும் தொகை அவர்களுடைய ஆண்டு வரம்பில் கழியும். இன்னொரு வீரருக்கு வைத்திருந்த பணத்திலிருந்துதான் அது வர வேண்டும். ஆகவே எழுத்தில், தொகையோடு, தேதியோடு வேண்டும்.

கல்லூரிகள் ஒன்றின் மேல் ஒன்று வழக்குப் போடுவதும் தொடங்கிவிட்டது. அமெரிக்கக் கால்பந்து வீரர் சேவியர் லூக்காஸ் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் வருவாய்ப் பகிர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிறகு, போர்ட்டலுக்கே போகாமல் படிப்பை விட்டு விலகி, 2025 ஜனவரியில் மயாமியில் சேர்ந்தார். விஸ்கான்சின் அவர் மேல் வழக்குப் போடவில்லை. ஜூனில் மயாமி மேல் போட்டது, எங்கள் ஒப்பந்தத்தில் தலையிட்டார்கள் என்று. உங்கள் பெயர் போர்ட்டலில் ஏறும் முன் வேறு கல்லூரிப் பயிற்சியாளர் உங்களோடு பேசுவதே விதிமீறல். ஏஜெண்டுகள் வழியாகப் பேச்சு நடக்கிறது என்பது ஊரறிந்த ரகசியம். ஆனாலும் உங்கள் ஃபோனில் இருக்கும் குறுஞ்செய்திகள் நாளைக்கு நீதிமன்றத்தில் வாசிக்கப்படலாம் என்ற நினைப்பு இருக்கட்டும்.

படி 6: புதுக் கல்லூரியில் கையெழுத்திடும்போது

இந்த முறை விலகும் பக்கத்தை நீங்கள் எழுத வையுங்கள். நான் கேட்கச் சொல்வது இரண்டே இரண்டு. விலகும் தொகை மாதத்துக்கு மாதம் குறைய வேண்டும். தலைமைப் பயிற்சியாளர் வேலையை விட்டாலோ நீக்கப்பட்டாலோ எதுவும் கட்டாமல் போகும் உரிமை வேண்டும். உங்களை அழைத்து வந்தவரே இல்லாத அணியில் இரண்டு வருடம் கட்டுண்டு கிடப்பது யாருக்கும் நல்லதில்லை. நட்சத்திர வீரர் என்றால் இரண்டும் கிடைக்கும். மற்றவர்களுக்கு ஒன்றாவது கிடைக்க வாய்ப்புண்டு, கேட்டால்.

600 டாலரோ அதற்கு மேலோ உள்ள ஒவ்வொரு வெளி ஒப்பந்தத்தையும், கையெழுத்திட்ட ஐந்து வேலை நாட்களுக்குள் என்ஐஎல் கோ என்ற தளத்தில் பதிய வேண்டும். டெலாய்ட் நிறுவனம் அதை நடத்துகிறது, காலேஜ் ஸ்போர்ட்ஸ் கமிஷன் மேற்பார்க்கிறது. கல்லூரியோடு தொடர்புள்ளவர் தரும் பணம் என்றால் கூடுதல் சோதனை: உண்மையான வியாபார நோக்கம் இருக்கிறதா, தொகை சந்தை அளவுக்குள் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். வாழ்நாளில் 50,000 டாலருக்கு மேல் அந்தக் கல்லூரிக்கு நன்கொடை கொடுத்தவரும் தொடர்புள்ளவர்தான். மாறியவர்கள் கவனிக்க வேண்டிய நுணுக்கம் இங்கே இருக்கிறது. தொடர்பு என்பது கல்லூரியைப் பொறுத்தது. பழைய இடத்தில் வெறும் வியாபாரியாக இருந்தவர், புதுக் கல்லூரியின் பெரிய நன்கொடையாளராக இருக்கலாம்.

லோகோ, ஜெர்சி விஷயம் சுருக்கமாக: பழைய கல்லூரிச் சின்னத்தோடு எடுத்த படங்களைப் புது விளம்பரத்தில் போடாதீர்கள். புதுக் கல்லூரி அடிடாஸ் உடுத்தும் அணி, உங்கள் கையில் நைக்கி ஒப்பந்தம் என்றால் சேரும் முன்பே சொல்லிவிடுங்கள். கல்லூரியின் ஒப்பந்தத்தோடு மோதும் விளம்பரத்தைத் தடுக்கும் சட்டம் பல மாநிலங்களில் உண்டு.

படி 7: வரி

விளம்பர வருமானம் சுயதொழில் வருமானம். யாரும் பிடித்தம் செய்து தர மாட்டார்கள். வருமான வரி தவிர 15.3 சதவீதம் சுயதொழில் வரி, அதையும் காலாண்டுக்கு ஒருமுறை கட்ட வேண்டும். இலவசமாக வந்த காரும் ஷூவும்கூட வருமானம்தான்.

மாநிலம் மாறினால் அந்த வருடம் இரண்டு மாநிலக் கணக்கு வரும். 2025 ஏப்ரலில் குவார்ட்டர்பேக் நிக்கோ யாமலியாவா டென்னசியை விட்டு, கலிஃபோர்னியாவின் யூசிஎல்ஏ பல்கலைக்கழகத்துக்குப் போனார். டென்னசியில் சம்பாத்தியத்துக்கு மாநில வருமான வரியே கிடையாது. கலிஃபோர்னியாவில் உச்ச விகிதம் 13.3 சதவீதம். ஒரே தொகையைச் சொன்னாலும் கைக்கு வருவது ஒன்றல்ல. இரண்டு கல்லூரிகளை ஒப்பிடும்போது வரி போக மிஞ்சுவதை ஒப்பிடுங்கள். பழைய கல்லூரிக்குப் பணம் திருப்பிக் கொடுக்க நேர்ந்தால், அந்தப் பணத்துக்கு ஏற்கெனவே கட்டிய வரி தானாகத் திரும்பாது. கணக்காளர் வழியாகக் கோர வேண்டும்.

படி 8: ஊரிலிருந்து எஃப்-1 என்ற மாணவர் விசாவில் வந்தவர்கள்

இந்தியாவிலிருந்து போய் அங்கே ஆடுபவர்களும் கல்லூரி மாறுகிறார்கள். டேவிஸ் கோப்பை டென்னிஸில் இந்தியாவுக்கு ஆடிய மதுரைக்காரர் தக்ஷிணேஸ்வர் சுரேஷ், ஜார்ஜியா க்வின்னெட் கல்லூரியிலிருந்து வேக் ஃபாரஸ்டுக்கு மாறியவர். மாறுவதில் சிக்கல் இல்லை. சிக்கல் சம்பாதிப்பதில். எஃப்-1 மாணவர் அமெரிக்க மண்ணில் அனுமதியில்லாத வேலை பார்த்தால் விசாவே போகும். விளம்பரப் படப்பிடிப்பும் சமூக ஊடகப் பதிவும் வேலையாகப் பார்க்கப்படலாம். காங்கோ நாட்டுக்காரரான ஆஸ்கர் ஷீப்வே, வெஸ்ட் வர்ஜீனியாவிலிருந்து கென்டக்கிக்கு மாறிய கூடைப்பந்து நட்சத்திரம். 2022இல் அணி பஹாமாஸ் தீவுக்குப் போனபோது, அமெரிக்காவுக்கு வெளியே இருக்கும் அந்தச் சில நாட்களில்தான் தன் விளம்பர வேலைகளை முடித்தார். இந்திய மாணவர்கள் கோடை விடுமுறையில் ஊருக்கு வரும்போது செய்வதும் இதே வழிதான். ஆனால் வேலையும் பணமும் எங்கே நடந்தது என்பதற்கு ஆதாரம் வைத்திருக்க வேண்டும்.

மாறும்போது விசாப் பதிவும் மாற வேண்டும். பழைய கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகம் ஒரு விடுவிப்புத் தேதி குறிக்கும். அதற்குப் பிறகுதான் புதுக் கல்லூரி, மாணவர் விசாவுக்கான சேர்க்கைச் சான்றான ஐ-20யைத் தர முடியும். ஐந்து மாதத்துக்குள் அல்லது அடுத்த பருவத்தில், எது முன்னதோ அதில் படிப்பைத் தொடங்கியாக வேண்டும். வருவாய்ப் பகிர்வு ஒப்பந்தத்தைக் கல்லூரி நீட்டினால், "எஃப்-1 மாணவரும் கையெழுத்திடலாம்" என்று பயிற்சியாளர் சொல்வதை நம்பிப் பேனாவை எடுக்காதீர்கள். குடியேற்றச் சட்ட வக்கீலிடம் எழுத்தில் பதில் வாங்குங்கள். ஒப்பந்த வக்கீல் வேறு, இவர் வேறு. ஒருவரிடம் கேட்டது மற்றவருக்குப் பதிலாகாது.